பதினோராம் எண் டப்பா

பிறருடைய மலத்தைப் பார்ப்பதுதான் என் தொழில். முப்பத்து நான்கு வருடங்களாகப் பார்க்கிறேன். மனிதர்களுடையது, மாட்டினுடையது, ஆட்டினுடையது, நாயினுடையது, ஒரு முறை கோயில் யானையினுடையது. கல்யாண வீடுகளில் "நீங்க எதுக்கு டாக்டர்?" என்று யாராவது கேட்டால் "புழுவுக்கு" என்பேன். பந்தியில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. பிறகு கையை அகட்டி வைத்துச் சாப்பிட வசதியாகப் போய்விட்டது.

ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். யாருக்கும் தொந்தரவில்லாமல், எதையும் புதிதாகக் கண்டுபிடித்துத் தொலைக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆராய்ச்சித் திட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இர்ஃபான் என் அறை வாசலில் வந்து நின்றான். எங்கள் புழு ஆராய்ச்சி நிலையத்தில் நுண்ணோக்கி பார்க்கிறவன். பதினெட்டு வருடமாக என்னோடு இருக்கிறான். அவன் கதவைத் தட்டாமல் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

"மேடம், ஒரு ஸ்லைடு பாக்கறீங்களா?"

"நீயே பாத்து எழுதேன்ப்பா."

"எழுதறதுக்கு முன்னாடி நீங்க பாத்துட்டா நல்லாருக்கும்ங்க."

போய்ப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் ஒரு முட்டை பச்சையாக ஒளிர்ந்தது. மெல்லிய ஓடு, உள்ளே நான்காகப் பிரிந்த கரு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு முட்டை இருக்கவே கூடாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு கொக்கிப்புழுவைத் திருத்தி அமைத்தோம். நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான இனம். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடித்து வாழும். குடிக்கிற ரத்தத்துக்கு வாடகையாக இன்சுலின் சுரக்கும்படி அதைப் பழக்கினோம். பதினைந்து குட்டிப் புழுக்கள், ஒரு சொட்டுத் தண்ணீரில். முன்கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவை தோல் வழியாக உள்ளே போய்விடும். கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். அதன்பிறகு வருடக்கணக்கில் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. நலப்புழுத் திட்டம் என்று அரசு பெயர் வைத்தது. மாத்திரைக்கு அடங்காத ஏழு லட்சம் சர்க்கரை நோயாளிகள் ஒட்டிக்கொண்டார்கள். ஊரில் எல்லோரும் சர்க்கரைப் புழு என்றே சொன்னார்கள். நாளடைவில் அரசு இன்சுலின் ஊசி வாங்குவதையே நிறுத்திவிட்டது.

புழு பரவிவிடாதா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் பெண் புழுக்களை மட்டுமே கொடுத்தோம். ஆண் இல்லாமல் கரு ஏது? போதாக்குறைக்கு, எங்கள் புழுவும் அதன் முட்டையும் நீல வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும்படி ஓர் அடையாளமும் வைத்தோம். புழு போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கொரு முறை ஒரு டப்பாவில் மலம் கொடுக்க வேண்டும். கரு உள்ள முட்டை ஒன்றைக் கண்டாலும் திட்டத்தை நிறுத்தி, எல்லோருக்கும் புழு மாத்திரை கொடுத்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான். ஒன்பது வருடமாக எல்லா அறிக்கையிலும் 'முட்டை இல்லை' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

"ஆண் இல்லாமயே கரு புடிக்கிற புழு உண்டுங்களா மேடம்?" என்றான் இர்ஃபான்.

"நூற்புழுவுல உண்டு. கொக்கிப்புழுவுல கிடையாதுன்னு நான் புத்தகமே எழுதியிருக்கேன்."

"புழு அதப் படிக்கல போலிருக்குங்க."

சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. டப்பாவின் மேல் பெயர் பார்த்தேன். திருமூர்த்தி, வயது ஐம்பத்து நான்கு, பூலாங்காடு. ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர். விதிப்படி அதே ஆளிடம் இன்னொரு மாதிரி வாங்கி உறுதி செய்ய வேண்டும். ஆள் அனுப்பியிருக்கலாம். ஏனோ நானே ஜீப்பில் ஏறினேன்.

போகிற வழியில் எனக்குப் பழைய தீப்பெட்டிக் கதை ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலம் சேகரிக்க வீடு வீடாகத் தீப்பெட்டி கொடுப்போம். ஒரு வீட்டில் ஏழு பேர், ஏழு தீப்பெட்டி. மறுநாள் ஏழும் நிறைந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஏழிலும் ஒரே மிளகாய் விதை, ஒரே கீரை நார், ஒரே புழு. வீட்டில் ஒருத்தர் போனதைப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள். இதை நான் எத்தனையோ மேடைகளில் வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

திருமூர்த்தி வீட்டில் இல்லை. கொப்பரை லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போயிருந்தார், வரப் பன்னிரண்டு நாளாகும். அவர் மனைவி கலாமணி மோர் கொடுத்தாள். மகள் பவித்ராவுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் மட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

"போன வாரம் டப்பாவுல குடுத்தது உங்க வீட்டுக்காரரோடதுதானே?" என்று கலாமணியிடம் கேட்டேன்.

"அவருதுதானுங்க," என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

அந்த வேகம் எனக்குப் பழக்கம். மேலே கேட்காமல், கை கழுவ வேண்டும் என்றேன். குளியலறையைக் காட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், தானே திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

"தாழ்ப்பாள் என்னாச்சுங்க?"

கலாமணி மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, ரகசியம் போலவும் இல்லாமல் சத்தமாகவும் இல்லாமல் சொன்னாள். "நாங்கதான் கழட்டிப்போட்டமுங்க. மூணு மாசத்துக்கு முன்னால இவ உள்ளே உழுந்து கெடந்தா. கதவ ஒடச்சுத் தூக்கிட்டு ஓடினோம். சுகர் முப்பத்தொண்ணுன்னாங்க. இவளுக்குச் சுகரே கெடையாதுங்க. சுகர் மாத்தர முழுங்காம இப்புடி எறங்காதுன்னு ஆசுபத்திரியில சொல்லிப்போட்டாங்க. புழு போடறதுக்கு முன்னால அவரு முழுங்குன மாத்தர பீரோவுல கெடந்துச்சு."

"நான் ஒண்ணையும் முழுங்கலீங்க," என்றாள் பவித்ரா. குரலில் கோபம்கூட இல்லை. பல தடவை சொல்லிச் சலித்துப்போன குரல்.

"இவ இப்புடியேதானுங்க சொல்லிட்டிருக்கா. நிச்சயம் பண்ணி வெச்ச எடத்துல, புள்ளைக்கு மனசுல வேற யாரோ இருக்காங்களாமான்னு கேட்டு நிறுத்திப்போட்டாங்க. அப்புறமும் ரெண்டு வாட்டி விடியக்காலையில வேர்த்து ஊத்தி, பேச்சு கொளறிக் கெடந்தா. எங்கிருந்துதான் மாத்தர வாங்கறான்னு தெரியலீங்க. தனியா எங்கயும் உடறதில்ல."

 ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பவித்ரா, அந்த டப்பாவுல குடுத்தது நீயாம்மா?"

அவள் அம்மாவைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். "கதவுக்கு வெளிய நின்னு காவல் காத்துட்டிருந்தாங்க. அப்புடியே இதுலயும் கொஞ்சம்னு டப்பாவ நீட்டுனாங்க."

கலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரு விடியறதுக்குள்ள தோப்புக்குப் போயிட்டு, அப்புடியே லாரி ஏறிருவாருங்க. வீட்டுக் கக்கூசு அவருக்கு ஆகாது. டப்பா வாங்கற புள்ள எட்டு மணிக்கு வந்து வாசல்ல நிப்பா. அவள வெறுங்கையோட அனுப்ப முடியுங்களா? எப்பவும் நாந்தானுங்க குடுப்பேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் போகலீங்க. எங்க ஊர்ல எல்லா ஊட்டுலயும் இப்புடித்தானுங்க."

எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒன்பது வருடமாக நாங்கள் புழு இல்லாதவர்களின் மலத்தைப் பார்த்து, முட்டை இல்லை என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பவித்ரா செருப்பில்லாமல் நின்றிருந்தாள். கால் விரலிடுக்கில் சிவந்து தடித்த கோடுகள். தோப்பில்தான் அவளுக்கு வேலை, விழுந்த தேங்காயைப் பொறுக்க வேண்டும். அப்பா காலையில் ஒதுங்குவதும் அதே தோப்பில்தான். ஈரமண், நிழல். கொக்கிப்புழுவுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. முட்டை மண்ணில் பொரிந்து, குட்டி வெறுங்காலில் ஏறும். அப்பாவுக்கு நாங்கள் எண்ணிப் பதினைந்து கொடுத்தோம். இவளுக்கு எத்தனை ஏறியிருக்கிறது என்று யார் எண்ணினார்கள்?

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். 'உங்க பொண்ணு மேல தப்பே இல்ல' என்று ஐந்து சொல். உறுதியாகாத முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான். அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பவித்ராவிடம் புதிதாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, ராத்திரி படுக்கும்முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள், தலைமாட்டில் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள், தோப்புக்கு அனுப்பவேண்டாம் என்று மட்டும் கலாமணியிடம் சொன்னேன். இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மகள் ஜீப் வரை கூடவே வந்தாள்.

"நீங்களாச்சும் நம்பறீங்களாங்க?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா," என்றேன். வாழ்நாளில் இவ்வளவு கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

புது டப்பாவில் ஒரே ஸ்லைடில் அறுபதுக்கு மேல் முட்டைகள் இருந்தன. திட்டத்தின் இயக்குநர் முகுந்தனுக்குப் போன் செய்தேன். நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கெட்டவன் இல்லை. அலுத்துப்போனவன், என்னைப் போலவே.

முழுதும் கேட்டுவிட்டு, "சௌந்தரி, கொஞ்சம் யோசி. இத நான் மேல கொண்டு போனா என்ன கேப்பாங்க?" என்றான். "முதல் டப்பா திருமூர்த்தியோடது இல்லன்னு நீயே எழுதுற. அப்ப அது செல்லாது. ரெண்டாவது, பதிவே இல்லாத ஒரு பொண்ணோடது. அப்பாவுக்கு வந்த பிளாஸ்திரிய எடுத்து ஒட்டிக்கிட்டாளோ என்னவோன்னு சொல்வாங்க. அதுவும் செல்லாது. மிச்சம் என்ன இருக்கு?"

"அறுபது முட்டை இருக்கு."

"ஏழு லட்சம் பேர் இருக்காங்க. நாளைக்கே மாத்திரை குடுத்துப் புழுவக் கொன்னுட்டா, அவங்களுக்கு ஊசி எங்க? வாங்கி வர ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள எத்தனை கால் எடுப்பாங்க, எத்தனை கண்ணு போகும்? உனக்குத் தெரியாததா?"

"அந்தப் பொண்ணு ஒரு நாள் விடியக்காலையில எந்திரிக்கவே மாட்டா, முகுந்தா. எந்தத் தோப்புல எத்தனை பேர் அப்படிக் கிடக்காங்கன்னு நமக்குத் தெரியவும் தெரியாது. அவங்க வீட்லயும் மாத்திரையைத்தான் தேடிக்கிட்டிருப்பாங்க."

 அவன் மெதுவாகச் சொன்னான். "பதிவான ஒரு ஆளு, சந்தேகமே இல்லாத ஒரு டப்பா. அது வந்தா நான் மறைக்க மாட்டேன். அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீயும் புழு போட்டவதான், மறந்துடாத. மாத்திரை உனக்கும் சேர்த்துதான்."

மறக்கவில்லை. பதிவேட்டில் என் எண் பதினொன்று. எனக்கும் சர்க்கரை உண்டு. மக்களுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று, டிவி கேமராக்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். ஆறு மாதத்துக்கொரு முறை நானும் டப்பா கொடுத்தாக வேண்டும். பதினேழு முறை கொடுத்திருக்கிறேன். பதினேழிலும் 'முட்டை இல்லை'.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடவை காலையில் டப்பாவை நிரப்பி, மூடி, பையில் வைத்துக்கொண்டுதான் நிலையத்துக்கு வந்தேன். ஆனால் இர்ஃபானின் மேஜை வரை போய்த் திரும்பிவிட்டேன். அவன் அதைத் திறப்பான், குச்சியால் எடுப்பான், தேய்ப்பான், கண்ணை வைத்துப் பார்ப்பான், அப்புறம் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பான். பிறர் மலத்தில் வாழ்நாளைக் கழித்தவளுக்கு என்னுடையதைக் கொடுக்க முடியவில்லை. என்ன கூச்சம் இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புழுவே இல்லாத சுத்தமான மலத்தைக் கெடாமலிருக்கப் பார்மலின் ஊற்றி வைத்திருக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் பெயர் போட்ட டப்பாவில் வைத்தேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

இனி என்னுடையதைத்தான் கொடுக்க வேண்டும் என்று பூலாங்காட்டிலிருந்து திரும்பும்போதே எனக்குத் தெரியும். முகுந்தன் 'சந்தேகமே இல்லாத ஒரு டப்பா' என்று சொன்னபோது நான் பேசாமல் போனை வைத்ததும் அதனால்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இர்ஃபானின் மேஜையில் டப்பாவை வைத்தேன்.  ஐம்பத்து ஒன்பது வயது, இரண்டு தங்கப் பதக்கம், கூச்சம் மட்டும் பள்ளிக்கூடப் பெண்ணுடையது.

"பதினொண்ணுங்களா மேடம்?"

"ஆமா. இந்தத் தடவை நிஜமாவே என்னுது."

அவன் டப்பாவைப் பார்த்தான். "தெரியும்ங்க மேடம்."

"என்ன தெரியும்?"

"இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம் நம்ம ஃபிரிட்ஜுல இருக்கறதுன்னு. தொறந்தாலே பார்மலின் வாசம் வரும்ங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பதினேழு தடவை! ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?"

"எப்படிங்க மேடம் சொல்றது?" என்றான் இர்ஃபான், என் முகத்தைப் பார்க்காமல். "உங்ககிட்ட வந்து... அதப் போயி... எப்படிங்க சொல்றது?"

கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. அவனுடைய கூச்சமும் என்னுடைய கூச்சமும் ஒரே ஜாதி. கலாமணியுடையதும் அதேதான். இந்த மூன்றையும் நம்பித்தான் ஒரு நாடு நிம்மதியாக இருந்திருக்கிறது.

"பாருப்பா," என்றேன். "நான் இங்கயே உக்காந்திருக்கேன். எல்லாம் என் கண்ணு முன்னாடியே நடக்கட்டும். நாளைக்கு யாரும் மாறிப்போச்சுன்னு சொல்லக் கூடாது."

அவன் எடுத்தான், தேய்த்தான், கண்ணாடியை மூடினான். எல்லா விளக்குகளையும் அணைத்து நீல வெளிச்சத்தைப் போட்டான். எண்ணுகிற கருவியில் அவன் கட்டைவிரல் அழுத்தும் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து, டிக், டிக். ஒவ்வொன்றுக்கும் என் ஒவ்வொரு அறிக்கையும் கிழிந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுந்து நின்று, தன் நாற்காலியை எனக்கு நகர்த்தினான்.

"இருபத்து மூணுங்க மேடம். நாலாப் பிரிஞ்சதும் இருக்கு, எட்டாப் பிரிஞ்சதும் இருக்கு."

பார்த்தேன். என் உடம்பிலிருந்து இத்தனை வருடமாக இவை கிளம்பிப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. ஆனாலும் என் சர்க்கரை ஒரு நாளும் முப்பத்தொன்றுக்கு இறங்கியதில்லை. எனக்குக் கதவடைத்த கக்கூஸ் இருந்தது, காலில் செருப்பு இருந்தது, மண்ணில் வேலை இல்லை. முதல் தடவை வெட்கப்படாமல் அந்த டப்பாவைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். இனி அதை அறிய எந்த நுண்ணோக்கியாலும் முடியாது.

பதிவேட்டை எடுத்து எழுதினேன். எண் பதினொன்று, ஞானசௌந்தரி, வயது ஐம்பத்து ஒன்பது, கரு உள்ள முட்டை உண்டு.

"பழைய பதினேழு?" என்றான் இர்ஃபான்.

"அதையும் எழுதணும்." முந்தைய பதினேழு மாதிரிகளும் என்னுடையவை அல்ல என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உனக்குத் தெரியும்கிறத நான் எழுதல. அது உன் இஷ்டம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே அவனும் போட்டான்.

பக்கத்தைப் படமெடுத்து முகுந்தனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. 'சரி. மேல கொண்டு போகிறேன்.' அதைப் படித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது.

விதிப்படி அறிவிப்பு வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. பூலாங்காட்டுக்குப் போன் போட்டேன். பவித்ராதான் எடுத்தாள்.

"பவித்ரா, நான் டாக்டர் பேசறேன். நீ எந்த மாத்திரையும் முழுங்கலம்மா. உன் வயித்துல எங்க புழு இருக்கு. தோப்பு மண்ணுல இருந்து ஏறியிருக்கு. அதுதான் உன் சுகர இறக்குது. தப்பு எங்களோடது."

 மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரித்தது.

"மூணு மாசமா நானும் முழுங்கலைன்னுதானுங்க சொல்லிட்டிருக்கேன்," என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே, "ஸ்பீக்கர்ல போடறேனுங்க. எங்கம்மாவுக்கும் சொல்லிருங்க," என்றாள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து கலாமணிக்குச் சொன்னேன். என் வயிற்றிலும் இருக்கிறது என்பதையும் சொன்னேன். நாளை ஆள் வரும், ஒரே ஒரு மாத்திரை, பவித்ராவுக்குப் புழு எல்லாம் செத்து வெளியே போய்விடும், இனி மயக்கம் வராது என்றேன்.  நான் முடித்த பிறகு கலாமணி மகளிடம் "கண்ணு" என்று ஏதோ ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. பாத்திரம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அந்த மாத்தர இவ அப்பனுக்கும் குடுப்பீங்களா?"

"எல்லாருக்கும் குடுக்கணும்ங்க. அவர்கிட்ட இருந்துதான் மண்ணுக்குப் போகுது."

"அப்ப அவருக்குள்ள இருக்கறதும் செத்துப் போயிருமுங்க."

"ஆமாங்க."

"சுகர் மாத்தர அவருக்குக் கேக்காமத்தானுங்க புழு போட்டது. ஊசிதான் ஆசுபத்திரியில இப்பக் கெடைக்கறதில்லீங்களே." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கணக்கும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். "மாத்தர முழுங்குனதுக்கு மறுநா அவருக்கு என்னங்க பண்றது, டாக்டரம்மா?"

முப்பத்து நான்கு வருடம் படித்ததையெல்லாம் ஒரு முறை தேடிப் பார்த்தேன். என் மேஜை இழுப்பறையில் எனக்கான புழு மாத்திரை இருந்தது. எனக்கும் அதே மறுநாள்தான்.

"தெரியலைங்க," என்றேன்.